போர்ட்டல் சிரையின் வழியில் நிற்கும் உறுப்பு

இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பள்ளியில் படித்த விதி எளிமையானது. இதயத்திலிருந்து தமனிகள் வழியாகப் புறப்படும் இரத்தம் தந்துகிகளில் பரவி, சிரைகளில் மீண்டும் ஒன்றுசேர்ந்து, இதயத்துக்கே திரும்பும். இந்த விதிக்கு வயிற்றுக்குள் ஒரு பெரிய விலக்கு இருக்கிறது. இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. அது போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாயில் சேர்ந்து கல்லீரலுக்குள் நுழைந்து, அங்கே இரண்டாம் முறையாக நுண்குழாய்களாகப் பிரிந்து, அதன் பிறகே கல்லீரல் சிரைகள் வழியாக இதயத்தை நோக்கிச் செல்கிறது. கல்லீரலைப் பற்றிப் பல ஆண்டுகளாக விட்டு விட்டுப் படித்து வருகிறேன். அது செய்யும் வேலைகளை அடுக்கிச் சொல்லும் நீண்ட பட்டியல்கள் எதுவும் என் நினைவில் நின்றதில்லை. இந்த ஒரு குழாயின் போக்கைப் புரிந்துகொண்ட பிறகுதான் அந்த வேலைகள் ஏன் அங்கே நடக்கின்றன என்பதும், அந்த உறுப்பு கெட்டால் ஏன் அந்தக் குறிப்பிட்ட துன்பங்கள் வருகின்றன என்பதும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன.

வயது வந்த ஒருவரின் கல்லீரல் ஏறத்தாழ 1.2 முதல் 1.5 கிலோ எடை இருக்கும். உள்ளுறுப்புகளில் அதுவே பெரியது. வலப்பக்க விலா எலும்புகளின் மறைவில், உதரவிதானத்துக்கு அடியில் அது அமர்ந்திருக்கிறது. நாம் ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில் கால் பங்கு இதன் வழியாகவே போகிறது. அந்தக் கால் பங்கிலும் சுமார் முக்கால் பகுதியைப் போர்ட்டல் சிரையும், மிச்சத்தைக் கல்லீரல் தமனியும் கொண்டுவருகின்றன. அதாவது குடலில் ஏற்கெனவே ஆக்சிஜனை ஓரளவு இழந்துவிட்ட இரத்தமே இந்த உறுப்புக்கு முதன்மை வரவு. தமனிகளில் சராசரி அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டி இருக்க, போர்ட்டல் சிரையில் அது 5 முதல் 10 வரையே. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இவ்வளவு இரத்தம் கடந்து போக வேண்டுமானால் உள்ளே தடை ஏதும் இருக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரப்போகும் பல செய்திகள் எளிதாகும்.

உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் பிற இடங்களில் இருக்கும் தந்துகிகளைப் போன்றவை அல்ல. அவற்றின் சுவரில் துளைகள் இருக்கின்றன. அத்துளைகள் வழியாக இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே வந்து கல்லீரல் செல்களை நேரடியாக நனைக்கிறது. குடலிலிருந்து தப்பி வரும் பாக்டீரியாக்களை விழுங்குவதற்காக அந்தச் சுவரிலேயே குஃபர் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கல்லீரல் ஏறத்தாழ அறுகோண வடிவிலான நுண்மடல்களால் ஆனது. அவை ஒவ்வொன்றிலும் இரத்தம் ஓரங்களிலிருந்து நடுவிலுள்ள சிரையை நோக்கி ஓடுகிறது. பித்தநீர் அதற்கு நேரெதிராக, உள்ளிருந்து ஓரத்துக்கு ஓடுகிறது. ஓரத்தில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜனும் உணவும் முதலில் கிடைக்கின்றன. நடுவில் இருப்பவை மிச்சத்தைப் பெறுகின்றன. பார்ப்பதற்கு ஒன்றுபோலவே தோன்றும் இச்செல்கள், தாம் இருக்கும் இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு வேலைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓரத்துச் செல்கள் சர்க்கரையையும் யூரியாவையும் ஆக்குவதில் முந்துகின்றன. மருந்துகளை உருமாற்றும் நொதிகள் நடுவில் மிகுதி.

உடலுக்குள் கல்லீரல் நிற்கும் இந்த இடத்தை மருத்துவம் சரியாகக் கணிக்க நெடுங்காலம் எடுத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவர் கேலன், செரித்த உணவு குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய் அங்கே இரத்தமாகிறது என்று எழுதினார்; ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவிலும் அரபு உலகிலும் அதுவே பாடம். 1622இல் இத்தாலியின் காஸ்பாரே அசெல்லி, சற்று முன்னர் உண்ட நாய் ஒன்றின் குடல் சவ்வில் பால்போன்ற நீர்மம் ஓடும் வெண்குழாய்களைக் கண்டார். கேலனின் பாடத்தை ஒட்டி, அவை கல்லீரலுக்கே போவதாக நினைத்தார். 1628இல் வில்லியம் ஹார்வி இரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவினார். 1651இல் பிரான்சின் ஜான் பெக்கே, அந்தப் பால் நீர்மம் கல்லீரலைத் தொடாமலேயே மார்புக்குள் ஏறி, கழுத்தடியிலுள்ள பெருஞ்சிரையில் கலப்பதைக் காட்டினார். அவ்வளவுதான்; உணவு கல்லீரலுக்கே போகவில்லை என்றால் அது இரத்தத்தை எப்படி ஆக்கும்? கோபன்ஹேகனின் தாமஸ் பார்த்தோலின் 1653இல் கல்லீரலின் ஆட்சி முடிந்துவிட்டது என்று அறிவித்து, அதற்கு ஒரு கல்லறை வாசகத்தையே கேலியாக எழுதிவிட்டார். பித்தநீரைச் சுரப்பது மட்டுமே அதற்கு மிஞ்சிய பணி என்பது அடுத்த இரு நூற்றாண்டுகளின் பொதுக் கருத்தாயிற்று.

பெக்கே கண்டதில் பிழை இல்லை என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உணவிலுள்ள கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர்க் குழாய்கள் வழியாகக் கல்லீரலைச் சுற்றிக்கொண்டே போகிறது. அந்த நீர்மம் வெண்மையாக இருப்பதும் கொழுப்பினால்தான். கண்ணுக்குத் தெரிந்தது கொழுப்பு மட்டுமே. நிறமில்லாமல் கரைந்து போர்ட்டல் சிரையில் சென்ற சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் பார்க்க அக்காலத்தவருக்கு வழியில்லை. கேலனும் முழுக்கத் தவறியவர் அல்லர்: கருவிலிருக்கும் குழந்தைக்கு, எலும்பு மஜ்ஜை பொறுப்பேற்கும் வரை, பல மாதங்கள் இரத்த அணுக்களை ஆக்குவது கல்லீரல்தான். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் தொப்புள் சிரையும் அப்போது கல்லீரலை நோக்கியே வருகிறது; குடல் இன்னும் உணவு பெறாத காலத்திலும் வெளியிலிருந்து வருவதை முதலில் சந்திக்கும் இடம் அதுவே.

கல்லீரலின் மதிப்பை மீட்டவர் பிரெஞ்சு உடலியலார் கிளாட் பெர்னார்ட். இறைச்சியை மட்டும் உண்ட நாய்களிலும் கல்லீரலை விட்டு வெளியேறும் இரத்தத்தில் சர்க்கரை இருப்பதை அவர் 1848இல் கண்டார். உள்ளே வராத பொருள் வெளியே போகிறது என்றால் அது அங்கேயே உண்டாகிறது என்பதுதான் பொருள். விலங்குடல் சர்க்கரையை எரிக்கும், ஆனால் ஆக்காது, அது தாவரங்களின் தனி உரிமை என்று வேதியியலார் உறுதியாக நம்பிய காலம் அது. 1855இல் அவர் செய்த சோதனையின் எளிமை இன்றும் வியக்கவைக்கிறது. உடலிலிருந்து எடுத்த கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரை வழியாக நீரைச் செலுத்தி, சர்க்கரையின் சுவடே இல்லாத அளவுக்குக் கழுவினார். பிறகு அப்படியே ஒரு நாள் வைத்துவிட்டார். மறுநாள் அதில் மீண்டும் சர்க்கரை நிறைந்திருந்தது. சர்க்கரையாக மாறக்கூடிய ஏதோ ஒரு சேமிப்புப் பொருள் திசுவுக்குள் இருக்கிறது என்று முடிவுசெய்து தேடியவர், 1857இல் கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார்.

நாம் இரவு உணவை முடித்துவிட்டு எட்டு மணி நேரம் உறங்கி எழும்போது மூளை பழுதில்லாமல் இருப்பது இந்தச் சேமிப்பின் பயன். மூளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் தேவை. கல்லீரலில் இருக்கும் கிளைக்கோஜன் சுமார் 100 கிராம். தசைகளில் இதைப்போலப் பல மடங்கு இருந்தாலும், அதைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடுவதற்குரிய கடைசி நொதி தசைக்கு இல்லை; தசையின் சேமிப்பு தசைக்கே செலவாகும். உண்ணாமல் ஒரு நாள் கடந்தால் கல்லீரலின் இருப்பும் தீர்ந்து, அமினோ அமிலங்களிலிருந்தும் லாக்டேட்டிலிருந்தும் அது புதிதாக ஆக்கும் குளுக்கோஸே கைகொடுக்கிறது. பட்டினி நீண்டால் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றி மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறது. அந்தக் கீட்டோன்களை எரிக்கும் நொதி கல்லீரலில் இல்லை என்பதால், தான் ஆக்கும் எரிபொருளில் ஒரு துளியையும் அது எடுத்துக்கொள்ள முடியாது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிராங்க் மான் நாய்களின் கல்லீரலை முழுவதுமாக அகற்றிப் பார்த்தார். சில மணி நேரம் இயல்பாக நடமாடிய விலங்குகள் பின்னர் தளர்ந்து, வலிப்புக் கண்டு, சாகும் நிலைக்கு வந்தன. குளுக்கோஸைச் செலுத்தியதும் எழுந்து நின்றன. ஆனால் அது தற்காலிகம்தான். சர்க்கரையை எவ்வளவு கொடுத்தாலும் ஓரிரு நாள்களுக்குள் அவை இறந்தன. சர்க்கரை கல்லீரலின் பணிகளில் மிக அவசரமானது மட்டுமே என்பது அதிலிருந்து தெரிந்தது.

கணையம் சுரக்கும் இன்சுலினும் போர்ட்டல் சிரையில்தான் கலக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உணவிலிருந்து வந்த சர்க்கரையும், அதைக் கையாளச் சொல்லும் ஹார்மோனும் ஒரே குழாயில் ஒரே நேரத்தில் கல்லீரலை அடைகின்றன. வந்த இன்சுலினில் ஏறத்தாழப் பாதியை அது முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறது. எனவே உடலின் பிற பகுதிகளைவிட மிகுந்த செறிவுள்ள இன்சுலின் கல்லீரலுக்குக் கிடைக்கிறது. தோலடியில் ஊசி வழியாகப் போடும் இன்சுலினுக்கு இந்த வரிசை தலைகீழ்: அது முதலில் உடல் முழுவதும் பரவி, கல்லீரலைக் கடைசியில் தொடுகிறது. எவ்வளவு கவனமாக அளந்து போட்டாலும் ஊசி மருந்தால் இயற்கையின் ஒழுங்கை முழுதும் பின்பற்ற முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லீரலை வடிகட்டி என்று வருணிப்பது எங்கும் வழக்கம். எனக்கு இந்த ஒப்புமையில் உடன்பாடில்லை. வடிகட்டி அழுக்கைத் தேக்கி வைக்கும், காலப்போக்கில் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது கழுவ வேண்டும். கல்லீரலைக் கழுவிச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் சாறுகளும் பொடிகளும் பிழைப்பது இந்தத் தவறான படத்தை நம்பித்தான். கல்லீரல் எதையும் தேக்கிவைத்துச் சுத்தப்படுத்துவதில்லை; பொருள்களை வேறு பொருள்களாக மாற்றுகிறது. கொழுப்பில் கரையும் ஒரு மூலக்கூறை அதன் நொதிகள் முதலில் சற்றே சிதைக்கின்றன, பிறகு அதனுடன் நீரில் கரையும் ஒரு துணையை இணைக்கின்றன. அதன் பின் அது சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியேறுகிறது. இம்மாற்றம் எப்போதும் நன்மையாகவே முடியும் என்ற உறுதியும் இல்லை. கோடீன் என்ற வலிநிவாரணி கல்லீரலில் மார்ஃபினாக மாறிய பிறகுதான் நன்கு வேலை செய்கிறது. பிறப்பிலேயே அந்த நொதி வேகமாகச் செயல்படும் உடல்களில் அதே மாத்திரை மிகையான மார்ஃபினைத் தந்து ஆபத்தாகிவிடுகிறது. மது முதலில் அசிட்டால்டிஹைடாகிறது, அது மதுவை விடக் கொடியது. அடுத்த படியில்தான் அது அசிட்டேட்டாகி அடங்குகிறது.

பாராசிட்டமால் இதற்கு மிகத் தெளிவான சான்று. வழக்கமான அளவில் அதன் பெரும்பகுதி தீங்கின்றி இணைக்கப்பட்டு வெளியேற, ஒரு சிறு பங்கு மட்டும் செல்லையே தாக்கும் நச்சாக மாறுகிறது. செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அதை உடனுக்குடன் முடக்கிவிடும். அளவு மீறிப்போனால் குளுட்டாதயோன் தீர்ந்துவிடுகிறது, நச்சு மிஞ்சுகிறது. முதலில் சாவது நுண்மடலின் நடுவிலுள்ள செல்கள், ஏனென்றால் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி அங்கேதான் மிகுதி. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து குளுட்டாதயோனை மீண்டும் ஆக்க உதவுகிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் ஏறத்தாழ எப்போதும் தப்பிவிடும். முதல் நாளில் நோயாளிக்குப் பெரிய தொல்லை எதுவும் தெரியாமல் போகலாம் என்பதுதான் இதிலுள்ள கொடுமை. வேறு சில மருந்துகள் கல்லீரலின் முதல் சந்திப்பிலேயே பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. நெஞ்சு வலிக்குத் தரும் நைட்ரோகிளிசரினை விழுங்காமல் நாவுக்கடியில் வைக்கச் சொல்வது அதனால்தான். வாயின் சிரைகள் போர்ட்டல் சிரையில் சேர்வதில்லை.

பித்தநீரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கும் இந்நீர் கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. அதிலுள்ள பித்த உப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, அதே போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குத் திரும்பி, மறுபடியும் சுரக்கிறது. 120 நாள்கள் வாழ்ந்து முடிந்த சிவப்பணுக்களின் கழிவான பிலிருபினும் இதே நீரில்தான் வெளியேறுகிறது. மலத்தின் பழுப்பு நிறம் அதிலிருந்து வந்தது. பித்தக் குழாய் அடைபட்டால் மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, கண்கள் மஞ்சளாகின்றன. மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி மட்டுமே என்பதையும், சிவப்பணுக்கள் மிகையாக அழிவது, கல்லீரல் செல்கள் பழுதடைவது, குழாய் அடைபடுவது என்று முற்றிலும் வேறுபட்ட மூன்று காரணங்களால் அது வரலாம் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் கொடுக்கப்படும் ஒரே மருந்து மூன்றுக்கும் பொருந்த வழியில்லை.

இனி அந்தப் பாதையை யாராவது மாற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். 1877இல் ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் எக், நாய்களில் போர்ட்டல் சிரையை நேரே கீழ்ப்பெருஞ்சிரையுடன் தைத்து, குடலின் இரத்தம் கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குப் போகும்படி செய்தார். இவான் பாவ்லோவும் அவருடைய கூட்டாளிகளும் அந்த அறுவையை மீண்டும் செய்து, 1893இல் முடிவுகளை வெளியிட்டனர். அறுவைக்குப் பிறகு உயிர்பிழைத்த நாய்கள், இறைச்சியைத் தின்றால் தடுமாறி நடந்தன; பார்வை இழந்தவைபோல் பொருள்களில் முட்டிக்கொண்டன; வெறிகொண்டன; நினைவிழந்தன. புரதம் சிதையும்போது குடலில் உண்டாகும் அம்மோனியா கல்லீரலில் யூரியாவாக மாறியாக வேண்டும். மாறாமல் பொதுச் சுற்றில் கலந்தால் மூளை அதைத் தாங்காது. அம்மோனியா யூரியாவாகும் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்ஸலைட்டும் 1932இல் விளக்கினர். உயிர்வேதியியலில் முதன்முதலாக அறியப்பட்ட சுழற்சி அதுதான்.

அந்த நாய்களைப் பற்றிப் படித்தபோது என் பெரியப்பாவின் கடைசி ஆண்டுகள் நினைவுக்கு வராமல் இருக்கவில்லை. அவருக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய், இருந்தது. பகலெல்லாம் தூங்கி வழிவார், இரவில் விழித்திருப்பார். கணக்குப் பிள்ளைபோல் கச்சிதமாக எழுதியவரின் கையெழுத்து கோணலாயிற்று. கைகளை முன்னே நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் விரல்கள் படபடவென்று விழுந்து எழும். மலச்சிக்கல் இரண்டு நாள் நீடித்தால் எங்களை அடையாளம் கண்டுகொள்வதே கடினமாகிவிடும். லாக்டுலோஸ் பாகு கொடுத்து வயிறு இளகியதும் அவரே எழுந்து உட்கார்ந்து செய்தித்தாள் கேட்பார். பேதி மருந்து மூளையைத் தெளிவாக்குவது வீட்டில் எல்லாருக்கும் மாயமாகத் தோன்றியது. லாக்டுலோஸ் பெருங்குடலை அமிலமாக்கி, அம்மோனியாவை உறிஞ்சப்பட முடியாத வடிவில் அங்கேயே பிடித்து, மலத்தோடு வெளியேற்றுகிறது, விளக்கம் அவ்வளவுதான். புரத உணவை அறவே நிறுத்தும் பழைய வழக்கத்தையும் இப்போது கைவிட்டுவிட்டார்கள், ஏனெனில் அம்மோனியாவின் ஒரு பகுதியைத் தசைகளும் ஏற்றுக்கொள்கின்றன, புரதம் குறைந்தால் தசை கரைகிறது. பெரியப்பா வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. நோயின் பெயரைக் கேட்டதும் உறவினர்களின் முகத்தில் வந்த அந்தச் சிறு புன்னகையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இரத்தத்தில் இருந்தது ஹெபடைடிஸ் பி வைரஸ். எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது.

சிரோசிஸ் என்பது தழும்பு. கல்லீரல் செல்களுக்கும் நுண்குழாய்ச் சுவருக்கும் இடையிலுள்ள குறுகிய வெளியில் நட்சத்திர வடிவச் செல்கள் சில இருக்கின்றன. நலமான கல்லீரலில் அவற்றின் வேலை வைட்டமின் ஏ-வைச் சேமித்து வைப்பது. ஆண்டுக்கணக்கில் செல்கள் செத்துக்கொண்டே இருந்தால், இவை சேமிப்பைக் கைவிட்டு உருமாறி, நார்ப்பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன. நார் படிய நுண்குழாய்களின் துளைகள் மூடிப்போகின்றன, உறுப்பு இறுகுகிறது, தடையே இருக்கக் கூடாத பாதையில் தடை எழுகிறது. போர்ட்டல் சிரையில் அழுத்தம் உயர்கிறது. இரத்தம் வேறு வழிகளைத் தேடுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியிலுள்ள மெல்லிய சிரைகள் புடைத்து ஒரு நாள் வெடித்தால் நோயாளி இரத்தமாக வாந்தி எடுக்கிறார். பிறந்த பின் மூடிப்போன தொப்புள் சிரையை ஒட்டிய சிறு சிரைகள் விரிந்து வயிற்றின் மேற்பரப்பில் தெரிகின்றன. மண்ணீரல் வீங்குகிறது. வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. இந்தப் புதிய வழிகளில் போகும் இரத்தம் கல்லீரலைச் சந்திப்பதில்லை. எக் தையலால் செய்ததை நோய் தானாகவே செய்துவிடுகிறது.

இதற்கான காரணங்களில் மது ஒன்று மட்டுமே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 25.4 கோடிப் பேர் நீடித்த ஹெபடைடிஸ் பி தொற்றுடனும், 5 கோடிப் பேர் ஹெபடைடிஸ் சி தொற்றுடனும் வாழ்ந்தனர். பிறக்கும்போதோ கைக்குழந்தைப் பருவத்திலோ பி வைரஸ் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நீடித்து நிற்கிறது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐவருக்கும் குறைவாகவே நிற்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியைப் போடச் சொல்வது இந்த வேறுபாட்டினால்தான். 1984இல் பச்சிளங்குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைத் தொடங்கிய தைவானில் பின்னர் குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோயே குறைந்தது. சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் 2013க்குப் பிறகு வந்த மாத்திரைகள் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை முழுமையாகக் குணமாக்குகின்றன. அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989இல்தான் என்பதை நினைத்தால், கால் நூற்றாண்டுக்குள் இவ்வளவு தூரம் வந்தது நவீன மருத்துவத்தின் பெருஞ்செயல்களில் ஒன்று என்பேன்.

கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதைப் போர்த்திய உறை இழுபட்டால் மட்டுமே வலிக்கும். ஆகவே பெரும்பாலோர் அதன் நிலையை ஆய்வகத் தாளில்தான் அறிகிறார்கள். அங்கே இருக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை என்ற தலைப்பின் கீழ் எல்லாரும் முதலில் பார்ப்பது எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற இரு நொதிகளை. இவை செயல்பாட்டை அளப்பவை அல்ல. சிதைந்த செல்களிலிருந்து இரத்தத்தில் கசிந்தவை. சில நாள்களில் தணியும் தொற்றில் இவை ஆயிரக்கணக்கில் உயர்ந்து, பிறகு முற்றிலும் இயல்புக்கு வந்துவிடலாம். முற்றிய சிரோசிஸில், கசிவதற்குச் செல்களே அதிகம் மிஞ்சாததால், இயல்பாகவே இருக்கலாம். செயல்பாட்டைக் காட்டுபவை அல்புமின் என்ற இரத்தப் புரதம், பிலிருபின், இரத்தம் உறையும் நேரம் ஆகியவை. உறையச் செய்யும் புரதங்கள் பெரும்பாலும் கல்லீரலில் ஆக்கப்படுபவை. அவற்றுள் ஏழாம் காரணி சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோவது என்பதால், கல்லீரல் திடீரெனச் செயலிழந்தால் உறையும் நேரமே முதலில் நீளும். அல்புமினுக்கு ஆயுள் நீளம், அது மெதுவாகவே குறையும். இவற்றையெல்லாம் விட அந்தத் தாளில் கவனிக்கப்படாமல் போவது இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை. போர்ட்டல் அழுத்தம் உயர்ந்து வீங்கிய மண்ணீரல் தட்டுகளைப் பிடித்துவைத்துக்கொள்வதால், வேறெதுவும் மாறாத நிலையிலும் அது குறையத் தொடங்கும். கல்லீரலைப் பற்றிய ஒரு செய்தி வேறொரு பரிசோதனையின் வரியில் ஒளிந்திருக்கிறது.

கொழுப்புக் கல்லீரலுக்கு 2023இல் மருத்துவ உலகம் புதிய பெயர் சூட்டி, வளர்சிதைமாற்றக் கோளாறோடு அதை இணைத்தது. உணவில் உண்ட கொழுப்பு நேரே போய் அங்கே படிவதாகத்தான் பலரும் எண்ணுகிறார்கள். இன்சுலினுக்கு இணங்காத கொழுப்புத் திசுவிலிருந்து ஓயாமல் வெளியேறும் கொழுப்பு அமிலங்களும், மிகையான மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றுவதும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. பெரும்பாலோருக்கு இது அந்த அளவிலேயே நின்றுவிடும். சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, மேற்சொன்ன பாதையில் போகும். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் கொழுப்பு குறைகிறது. 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் பலருக்குத் தழும்பும்கூட இளகுகின்றன. தழும்பு இளகும் என்பதை நெடுங்காலம் மருத்துவர்களே நம்பவில்லை.

கல்லீரல் மீண்டும் வளரும் திறனைப் பற்றிச் சொல்லும்போது மிகைப்படுத்துவதே வழக்கமாகிவிட்டது. 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரு பங்கை வெட்டி எடுத்தார்கள். ஓரிரு வாரங்களில் அது பழைய எடையை எட்டியது. ஆனால் வெட்டிய மடல் திரும்ப முளைக்கவில்லை. எஞ்சியிருந்த மடல்கள் பெருத்தன. இந்த வளர்ச்சியைத் தூண்டுவது எது என்ற தேடலும் போர்ட்டல் சிரையிடமே வந்து சேர்ந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸ்ல் தம் ஆய்வுகளில், போர்ட்டல் இரத்தம் மறுக்கப்பட்ட கல்லீரல் சுருங்கிப்போவதையும், இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தினால் அச்சுருக்கம் பெரிதும் தடுக்கப்படுவதையும் கண்டார். மனிதரில் கல்லீரல் மாற்று அறுவையை 1963இல் முதன்முதலில் முயன்றவரும் அவரே. அந்த நோயாளி அறுவையின்போதே இறந்தார், ஓராண்டைக் கடந்து வாழ்ந்த முதல் நோயாளிக்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் அறுவை மருத்துவர் ரஸ்ஸல் ஸ்ட்ராங், தாயின் கல்லீரலின் ஒரு பகுதியை மகனுக்குப் பொருத்தி, உயிருள்ள கொடையாளரிடமிருந்து பெறுவதை வெற்றியாக்கினார்.

அவ்வகை அறுவையில் வலது மடலைக் கொடுப்பவர் தம் கல்லீரலில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை இழக்கிறார். குடலிலிருந்து வரும் இரத்தத்தின் அளவோ குறைவதில்லை. முழு உறுப்புக்கும் வந்த ஓட்டம் அத்தனையும் இப்போது எஞ்சிய சிறு பகுதிக்குள் பாய்கிறது. வளரச் சொல்லும் முதல் தூண்டுதல்களில் அந்த ஓட்டத்தின் அழுத்தமும் ஒன்று. அதுவே எல்லை மீறினால் கேடு. பெறுபவரின் உடல் எடையில் 0.8 விழுக்காட்டுக்கும் குறைவான துண்டைப் பொருத்தினால், பாய்ந்து வரும் இரத்தத்தைத் தாங்க முடியாமல் அது பழுதடையக்கூடும். அத்தகைய வேளைகளில் மண்ணீரலுக்குப் போகும் தமனியைக் கட்டி, போர்ட்டல் ஓட்டத்தை அறுவை மருத்துவர்கள் வேண்டுமென்றே குறைக்கிறார்கள். எல்லாம் சரியாக நடந்தால் முதல் சில வாரங்களிலேயே வளர்ச்சியின் பெரும்பங்கு முடிந்து, சில மாதங்களில் இருவரிடமும் அவரவர் உடலின் அளவுக்கு ஏற்ற கல்லீரல் இருக்கும். கொடையாளரின் வலது மடலும் அதோடு அகற்றப்பட்ட பித்தப்பையும் மட்டும் திரும்ப வருவதில்லை. பின்னாளில் ஸ்கேன் எடுக்கும் எந்த மருத்துவருக்கும், இடது மடல் பெருத்து வலப்பக்கம் வரை நீண்டிருக்கும் அந்த வேறுபட்ட வடிவம் பார்த்ததுமே தெரிந்துவிடும்.